பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டு இன்ஜின் ஏத்துனா எங்கெங்க காட்டிக் கொடுக்கும்? ராம்நாடு கடக்கரைப் பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு

பேக்கிங்னா இன்ஜின்ல ரெண்டு பாகம் சேருற எடத்துல ஒழுகாம இருக்க நடுவுல வைக்கிற கேஸ்கட். இன்ஜின் இறக்கி வேலை பாக்குறப்ப தவறாம வர்ற பேச்சு இது, "அண்ணே பேக்கிங் நல்லாத்தான இருக்கு, கிழியக்கூட இல்ல, தொடச்சுப் போட்ருங்க"ன்னு. வண்டி சாயல்குடிலயோ தொண்டிலயோ நிக்கும், அந்த மாடலுக்கு புது பேக்கிங் கிட் ராம்நாட்டுல இருக்காது, மதுரைல சொல்லி பஸ்ல போட்டுவிடச் சொல்லணும், அதுக்குள்ள மீன் லோடுக்காரர் போன் மேல போன் அடிப்பாரு, பாக்ஸ்ல ஐஸ் கரைஞ்சுக்கிட்டு இருக்கும், அந்த அவசரம் புரியுது. ஆனா கிழியலங்கறத வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது. பேக்கிங் நசுங்கித்தான் வேலை செய்யுது, ஹெட்டுலயும் (சிலிண்டருக்கு மேல மூடுற பாகம்) பிளாக்குலயும் (சிலிண்டர் இருக்குற அடிப்பாகம்) கண்ணுக்குத் தெரியாம இருக்குற மேடு பள்ளத்துல எல்லாம் போய் ஒக்காந்து அப்படியே இறுகிரும். கழட்டித் திரும்ப வச்சா அதே எடத்துல அச்சு மாறாம ஒக்காராது, மறுபடி நசுங்க அதுகிட்ட மிச்சமும் இருக்காது.

அதனால எல்லாத்தையும் ஒரே கணக்குல பாக்காதீங்க, அந்த பேக்கிங் எதை அடைச்சு நிக்குதுன்னு பாருங்க. டயர்ல நாம அடிக்கிற காத்து ஏறக்குறைய 2 பார், கூலன்ட் லைன்ல 1 பார் சுத்துப்பட்டு, ஓடுற இன்ஜின்ல ஆயில் பிரஷர் 3, 4 பார், ஆனா சிலிண்டருக்குள்ள தீப்பிடிக்கிற அந்த நொடில பெட்ரோல் வண்டிலயே 50 பாரைத் தாண்டும், டர்போ டீசல்ல 150 பாருக்கும் மேல போகும். வால்வு பக்கத்த மேல மூடுற டேப்பட் கவர் ரப்பரையும் ஹெட் பேக்கிங்கையும் ஒண்ணா வச்சுப் பேச முடியாதுங்கறது இதுலயே தெரியும். ஹெட் பேக்கிங் எந்தக் காலத்துலயும் பழசு கூடாது, அது கிராஃபைட்டா இருந்தாலும் சரி, இப்ப வர்ற பல அடுக்கு ஸ்டீலா இருந்தாலும் சரி. ஸ்டீல் பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், அங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க, ஓட்டையச் சுத்தி எழும்பி நிக்கிற வரம்பு படுத்துருக்கும், மேல இருக்குற பூச்சு ஹெட்டோட ஒட்டி உரிஞ்சுருக்கும்.

இனி வண்டி ஏத்தி ஸ்டார்ட் பண்ண பெறகு என்ன தெரியுதோ அத வச்சு ஒவ்வொண்ணாப் பாப்போம்.

ரேடியேட்டர்ல குமிழி விடுது, ஹோஸ் கல்லா இறுகுது

இன்ஜின் நல்லா ஆறி இருக்குறப்பதான் ரேடியேட்டர் மூடியத் தொறக்கணும், சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துரும், இத எத்தனை தடவ வேணாலும் சொல்லலாம். மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி விடுங்க. மொதல்ல கொஞ்ச நேரம் குமிழி வர்றது ஏர் லாக்கா, அதாவது தண்ணி லைன்ல மாட்டிக்கிட்ட காத்தா இருக்கலாம், இன்ஜின் வேலை பாத்து தண்ணி புதுசா ஊத்துன வண்டில அது சகஜம், ஹீட்டரத் தொறந்து வச்சு, ஏர் விடுற ஸ்க்ரூ இருந்தா லூஸ் பண்ணி, தெர்மோஸ்டாட் (சூடேறுனா தண்ணிக்கு வழி விடுற வால்வு) தொறக்குற வரைக்கும் ஓட விட்டா நின்னுரும். நிக்காம விட்டுக்கிட்டே இருந்தா, ஆக்சிலரேட்டர் குடுக்கக் குடுக்க அதிகமாச்சுன்னா, சிலிண்டருக்குள்ள இருக்குற கம்ப்ரஷன் பேக்கிங்கத் தாண்டி தண்ணிக்குள்ள போகுதுன்னு அர்த்தம். இன்னொரு சோதனை, காலைல பச்சைத் தண்ணியா இருக்குறப்ப மூடியப் போட்டு ஸ்டார்ட் பண்ணி உடனே மேல் ஹோஸ அமுக்கிப் பாருங்க, சூடே ஏறாம ஒரு நிமிசத்துல கல்லா இறுகுனா அது சூட்டுல வந்த பிரஷர் கெடையாது. சில கடைல நீலக் கலர் திரவம் வச்சு ரேடியேட்டர் வாயில சோதிப்பாங்க, பெட்ரோல் வண்டில புகை கலந்துருந்தா மஞ்சளா மாறிரும்.

பழைய ஹெட் பேக்கிங் போட்டு இப்படி ஆனா பேச்சே வேணாம், கழட்டிப் புதுசு போடணும். ஆனா இந்தப் பக்கம் புதுசு போட்டும் இதே கதை நடக்குது, அதப் பத்தித்தான் நான் கூடுதலாப் பேசணும்.

நம்ம ஊரு போர் தண்ணி உப்பு, அத எல்லாரும் நாக்குலயே பாத்துருக்கோம். அதையே ரேடியேட்டர்ல ஊத்துறாங்க, வழில எங்கயாவது சூடாச்சுன்னா பக்கத்துல இருக்குற அடிபம்புல ஒரு பாட்டில் புடிச்சு ஊத்திட்டு ஓடுறாங்க. உப்புல இருக்குற குளோரைடு அலுமினியத்த அரிக்கும், அதுலயும் ஹெட்டுல தண்ணி போற ஓட்டையச் சுத்தி மொதல்ல அரிக்கும், குழி குழியா விழுந்து சிலிண்டர் வளையத்துப் பக்கம் நகந்து வரும். அந்தக் குழி மேல எவ்வளவு ஒசத்தி பேக்கிங் வச்சாலும் அது அடைக்காது, ஏன்னா அடைக்கிறதுக்கு எதுக்க மட்டமான எடமே இல்ல. அதனால ஹெட்டக் கழட்டுனதும் பழைய பேக்கிங்கத் தூக்கி எறிஞ்சுறாம வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, எந்த எடத்துல கருப்புக் கோடு ஓடிருக்கு, எந்த ஓட்டைக்கிட்ட துரு ஏறிருக்குன்னு அதே சொல்லிரும், ஹெட்டுல அதே எடத்த நகத்தால தடவிப் பாருங்க, நகம் மாட்டுனா ஃபேசிங் அடிக்காம, அதாவது லேத்ல முகத்தச் சீவி மட்டமாக்காம ஏத்தாதீங்க.

ஸ்டீல் ஸ்கேல நெட்டுக்க, குறுக்க, மூலைக்கு மூலைன்னு ஹெட் மேல வச்சு அடில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விட்டுப் பாருங்க. பெரும்பாலான சின்ன கார் இன்ஜின்ல 0.05 மி.மீ. தான் எல்லை, சரியான அளவ உங்க வண்டி மேனுவல்ல பாத்துக்குங்க. பிளாக்குக்கும் இதே சோதனை உண்டு, அத நெறைய பேரு மறந்துர்றாங்க. ஃபேசிங் ரொம்ப அடிச்ச ஹெட்டா இருந்தா எவ்வளவு கொறைஞ்சுருக்குன்னு லேத்ல கேட்டு வாங்கிக்குங்க, சில டீசல் இன்ஜினுக்கு ஹெட் பேக்கிங் ரெண்டு மூணு கனத்துல வரும், ஓரத்துல வெட்டோ ஓட்டையோ போட்டு அடையாளம் வச்சிருப்பாங்க, பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்வளவு எழும்புதுங்கறத வச்சு அது மாறும். பழைய பேக்கிங்கக் கடைக்கு எடுத்துட்டுப் போய் அந்த வெட்ட எண்ணி வாங்குங்க. பழசு உருப்படியா உதவுறது இதுக்குத்தான்.

அடுத்து போல்ட். இறுக்குற அளவு (டார்க்) காட்டுற டார்க் ரெஞ்ச்ல நீங்க குடுக்குற விசைல பத்துல ஒரு பங்குதான் ஹெட்ட அமுக்குறதுக்குப் போகுது, மிச்சம் எல்லாம் மரைலயும் போல்ட் தலைக்கு அடிலயும் ஒரசியே போயிரும். அப்ப உப்புக் காத்துல துரு ஏறுன மரையா இருந்தா என்ன ஆகும், ரெஞ்ச் டிக்குன்னு சொல்லும், நாமளும் சரியா இறுக்கிட்டோம்னு நெனச்சுருவோம், ஆனா ஹெட்டு பாதி அழுத்தத்துலதான் ஒக்காந்துருக்கும். மரைய மரை வெட்டுற டேப் விட்டுச் சுத்தம் பண்ணி, காத்தடிச்சு, மேனுவல் சொல்றபடி லேசா ஆயில் தடவித்தான் போடணும். அடி மூடுன ஓட்டைல தண்ணியோ ஆயிலோ தேங்கி நிக்கிறப்ப போல்ட இறுக்குனா அது வெளிய போக வழியில்லாம பிளாக்கையே வெடிக்க வச்சுரும், அதனால ஒவ்வொரு ஓட்டையும் காஞ்சுருக்கான்னு பாருங்க. நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிய சுத்திச் சுத்தி, ரெண்டு மூணு கட்டமா இறுக்கணும். டார்க் போட்ட பெறகு 90 டிகிரி திருப்புன்னு மேனுவல்ல இருந்தா அந்த போல்ட் இழுபட்டு நீளுற ரகம், அதுவும் பேக்கிங் கணக்குதான், ஒரு தடவையோட சரி. சில கம்பெனி நீளம் அளந்து எல்லைக்குள்ள இருந்தா திரும்பப் போடலாம்னு குடுத்துருப்பாங்க, அப்படி இருந்தா மட்டும் அளந்துட்டுப் போடுங்க.

ஆயில் பால் டீ கலர்ல இருக்கு

ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா தெரியும். ஆயில் ஊத்துற மூடிக்கு அடில மட்டும் கொஞ்சம் வெள்ளையா இருந்தா பயப்பட வேணாம், மழைக்காலத்துல கொஞ்ச தூரமே ஓடுற வண்டில காத்து ஈரம் அங்க போய் ஒட்டும், நல்லா சூடேற ஒரு ஓட்டம் ஓட்டுனா போயிரும். சந்தேகமா இருந்தா டிப்ஸ்டிக்ல இருந்து ஒரு சொட்டு ஆயில எடுத்து நல்லா சூடேறுன தகட்டுல விடுங்க, சடசடன்னு பொரிஞ்சா தண்ணி இருக்கு. அந்த வண்டிய அடுத்த ஊரு வரைக்கும் ஓட்டிட்டுப் போயிரலாம்னு எடுக்காதீங்க, பேரிங்குக்கு அது விஷம், பேக்கிங்குக்குப் போற காசு கிராங்க் வேலையா மாறிரும்.

ஹெட் பேக்கிங் மட்டுந்தான் காரணம்னு இருக்காது. வெட் லைனர் இன்ஜினா (சிலிண்டர் குழாயச் சுத்தி நேரா தண்ணி நிக்கிற ரகம்) இருந்தா, டிராக்டர்ல இது நெறைய, லைனர் அடில இருக்குற ரப்பர் ரிங்கு பழசையே போட்டுருந்தா அது வழியா தண்ணி நேரா இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கிற சேம்பருக்குள்ள எறங்கும், ஹெட் பேக்கிங் புதுசா இருந்தும் ஆயில் கெட்டுப் போகும். சேம்பரக் கழட்டி, தண்ணி லைனுக்குப் பிரஷர் குடுத்துக் கீழ இருந்து பாத்தா எந்த லைனர்ல ஒழுகுதுன்னு தெரிஞ்சுரும். ரேடியேட்டர்ல ஆயில் மெதந்தா ஆயில் கூலரையும் ஒரு கை பாருங்க. எது காரணமா இருந்தாலும் சரி பண்ண பெறகு வெல கொறைஞ்ச ஆயில ஊத்தி ஆக்சிலரேட்டர் குடுக்காம கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு வடிச்சுட்டு, ஃபில்டர மாத்தி, அப்பறம் நல்ல ஆயில் ஊத்துங்க.

தண்ணி கொறைஞ்சுக்கிட்டே இருக்கு, வெளிய எங்கயும் ஒழுகல, காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளப் புகை இனிப்பு வாடையோட வருதுன்னா தண்ணி சிலிண்டருக்குள்ள போகுது. ராத்திரி முழுக்க எறங்கித் தேங்கிருந்தா செல்ஃப் அடிச்சதும் கனெக்டிங் ராடு வளையும், அதனால பிளக்கக் கழட்டிட்டு ஒரு சுத்து சுத்தவிட்டுப் பாத்துட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணுங்க.

மிஸ்ஸிங் அடிக்குது, இழுவை இல்ல

கம்ப்ரஷன் கேஜ் வச்சு எல்லா சிலிண்டரையும் பாருங்க. ஒண்ணு மட்டும் கொறஞ்சா வால்வா ரிங்கான்னு யோசிக்கலாம், அடுத்தடுத்து இருக்குற ரெண்டும் ஒரே மாதிரி கொறஞ்சா நடுவுல பேக்கிங் அத்துருச்சு. ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல இருக்குற அந்த ஒல்லி எடந்தான் பழைய பேக்கிங்ல மொதல்ல போகும்.

டேப்பட் சத்தம் நிக்கவே இல்ல

வால்வு அட்ஜஸ்ட் பண்ணியாச்சு, ஆயில் லைட்டும் அணைஞ்சுருச்சு, ஆனா மேல கடகடன்னு ஓடுதுன்னா ஆயில் மூடியத் தொறந்து மேல ஆயில் ஏறுதான்னு பாருங்க. பிளாக்குல இருந்து ஹெட்டுக்கு ஆயில் போற வழி ஒரு சின்ன ஓட்டைதான், பேக்கிங்கத் திருப்பி வச்சா அது மூடிக்கும். புதுசுல மேல் பக்கத்துக்கு அடையாளம் அச்சடிச்சு இருக்கும், பழச உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் போட்டா அந்த எழுத்தெல்லாம் போயிருக்கும். பேக்கிங்குக்குப் பூசுற சிலிகான் பேஸ்ட அள்ளிப் பூசுனாலும் இதே வினைதான், பிதுங்கி உள்ள போனது பிஞ்சு ஆயில் உறிஞ்சுற வலைல போய் அடைக்கும். ஹெட் பேக்கிங் மேல சிலிகான் பூசவே கூடாது, மேனுவல் சொல்ற மூலைகள்ல மட்டும் ஒரு பொட்டு.

வெளிய ஆயில் கசியுது

ஓரளவுக்குப் பழசையே போடலாம்னு நான் சொல்லுற எடம் இதுதான். டேப்பட் கவர் ரப்பர் பேக்கிங்க எடுத்து வளச்சுப் பாருங்க, வெடிப்பு விடாம இருந்து, அமுக்குனா திரும்ப எழும்பி, பள்ளத்துல வச்சா வெளிம்புக்கு மேல தூக்கி நின்னா, கழுவித் தொடச்சுப் போடுங்க, இன்னும் ஓடும். பள்ளத்தோட மட்டமாப் படுத்துருச்சுன்னா எவ்வளவு இறுக்குனாலும் கசியும். கார்க்குல இருந்தா திரும்பப் போடாதீங்க, சூட்டுல காஞ்சு சுருங்கி ஒடஞ்சு போயிருக்கும். தகட்டு சேம்பர்ல கசிஞ்சா மேல மேல இறுக்காதீங்க, போல்ட் ஓட்டையச் சுத்தி தகடு உப்பி நிக்கும், நடுவுல இடைவெளி விழுந்துரும், கட்டை மேல வச்சுத் தட்டி மட்டமாக்கிட்டு அப்பறம் பேக்கிங் வைங்க.

எல்லாப் பக்கமும் ஒண்ணா கசிய ஆரம்பிச்சா பேக்கிங்கத் திட்டாதீங்க, இன்ஜினுக்குள்ள இருக்குற காத்த வெளிய விடுற பிரீதர் அடைச்சுருக்கும், உள்ள சேருற காத்து எங்க இடம் கெடைக்குதோ அங்க ஆயிலத் தள்ளும். ஃபில்டர்கிட்ட இருந்து திடீர்னு கொட்டுச்சுன்னா உடனே இன்ஜின ஆஃப் பண்ணுங்க, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் பிளாக்குலயே ஒட்டிக்கிட்டு நின்னு அதுமேல புதுசு ஏறிருக்கும், விரல விட்டுத் தடவிப் பாத்தா போதும். சொட்டு சொட்டா கீழ வடிஞ்சா டிரெயின் போல்ட் வாஷர். வெறும் செம்பு வாஷரா இருந்தா சிவக்கக் காய்ச்சி தண்ணில போட்டுக் கருப்பத் தேச்சு எடுத்தா மறுபடி மெதுவாயிரும், திரும்பப் போடலாம். அலுமினியத்துக்கு இந்த வித்தை கெடையாது.

தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் தண்ணி சொட்டுது

பேப்பர் பேக்கிங், வெல ஒண்ணுமில்ல, கடைல இல்லாட்டி பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிக்கலாம், அந்தப் பக்கத்துப் பழைய கனத்துக்கே வாங்குங்க. பம்ப் பாடில அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல சொட்டுனா உள்ள சீல் போச்சு, பேக்கிங் மாத்திப் பிரயோஜனம் இல்ல. ஹவுசிங் உப்புல அரிச்சுருந்தா புதுசுதான் தேடணும். குடத்துக்குக் காசு குடுத்து வாங்குற நல்ல தண்ணியக்கூட ரேடியேட்டருக்கு நம்பாதீங்க, கலந்தே வர்ற கூலன்ட், இல்லாட்டி கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

ஆறுன இன்ஜின்ல டிக் டிக், சூடானா கொறையுது

ஹெட்டுல இருந்து புகைய வெளிய எடுத்துட்டுப் போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பேக்கிங். சூட்டுல இரும்பு விரிஞ்சு அடைக்கிறதால சத்தம் கொறையும், சரியாயிருச்சுன்னு விட்டுர்றாங்க. கரி படிஞ்ச கோட்டப் பாத்து எடத்தக் கண்டுபுடிங்க. பாம்பன், மண்டபம் பக்கம் நின்ன வண்டில அத இறுக்குற ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துரு ஏறி ஒடையும், முந்தின நாளே துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டுட்டுக் கழட்டுங்க. கண்ணாடி ஏத்தி ஏசி போட்டு ஓடுற வண்டியா இருந்தா இத ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க, கசியுற புகைல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது.

ஐடில் ஏறி ஏறி எறங்குது

இன்ஜினுக்குள்ள காத்து போற இன்டேக் பக்கம் பேக்கிங் வழியா வெளிக்காத்த இழுக்குது. இன்ஜின் ஓடுறப்ப இணைப்புகள்ல சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க, ஐடில் மாறுற எடந்தான். பழைய ஆம்னி, 800 மாதிரி கார்புரேட்டர் வண்டில கார்புரேட்டருக்கு அடில இருக்குற கட்டை பேக்கிங்கையும் பாருங்க.

டீசல்ல இன்ஜெக்டர்கிட்ட சஃப் சஃப்னு சத்தம், சுத்தியும் தார் மாதிரி கரி

டீசலத் தெளிக்கிற இன்ஜெக்டருக்கு அடில இருக்குற செம்பு வாஷர் விட்டுருச்சு. இத மட்டும் காய்ச்சித் திரும்பப் போடாதீங்க, அதோட கனம்தான் இன்ஜெக்டர் மூக்கு எவ்வளவு உள்ள நீட்டணும்ங்கறத முடிவு பண்ணுது, கூடாமக் கொறையாம அதே கனத்துல புதுசு வாங்குங்க. அடில பழைய வாஷர் ஒட்டிக்கிட்டு இருக்கும், எடுக்காம மேல ஒண்ணு போட்ராதீங்க, ஒக்காருற எடத்தையும் கரி இல்லாம சுத்தம் பண்ணிருங்க.

பழசச் சுரண்டுறப்ப ரெண்டு விஷயம். பழைய காலத்து பேக்கிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காஞ்சபடி சுரண்டித் தூசி கெளப்பாதீங்க, நனைச்சுட்டு எடுங்க. அலுமினிய ஹெட்டுல மெசின்ல தேய்க்கிற நார் வட்டத்தப் போட்டு ஓட்டாதீங்க, அந்த மணல் தூசி ஆயிலோட போய் பேரிங்க அறுக்கும், முகமும் பள்ளமாயிரும், பிளாஸ்டிக் தகட்டால பொறுமையா எடுங்க. பேக்கிங் இல்லாம திரவ பேக்கிங் மட்டும் வர்ற இன்ஜின்ல, இங்க காத்துல ஈரம் அதிகம், ஆர்டிவி சிலிகான் ஈரத்துலதான் இறுகும், அதனால நம்ம பக்கம் மேல்தோல் சீக்கிரம் விழுந்துரும், பூசி வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, பூசுன கையோட மூடி இறுக்கிருங்க, ஆயில் ஊத்த மறுநாள் வரைக்கும் விடுங்க.

மீன் வண்டிக்காரங்க இன்ஜின் வேலைய ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் இருக்குற 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல வச்சுக்குங்க, ஆனா அது தொடங்குறதுக்கு முன்னாடியே கிட்டுக்குச் சொல்லிருங்க, மீன்பிடிப் படகு வேலையும் அதே நேரத்துல வர்றதால கடைல சரக்கு இல்லாமப் போகும். ஏத்தி முடிச்ச வண்டிய அப்படியே மூடிப் போடாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவ நல்லா சூடேற ஓட்டுங்க. பழைய ரக கிராஃபைட் ஹெட் பேக்கிங் வண்டியா இருந்து மேனுவல்ல மறுபடி இறுக்கச் சொல்லிருந்தா, சூடேறி ஆறுன பெறகு அதே வரிசைல ஒவ்வொரு போல்ட்டையும் கொஞ்சம் தளத்தி, திரும்ப அதே டார்க்குக்கு இறுக்குங்க, எல்லாத்தையும் ஒண்ணா தளத்திராதீங்க.